கிராமா, கப்பா, ஆழாக்கா? சமையல் அளவுகளை மாற்றுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் வீட்டிலிருந்தே கேக் ஆர்டர் எடுக்கிறேன், மசாலாத்தூளும் அரைத்துக் கொடுக்கிறேன். வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் செய்முறையையும் கேட்டுக்கொண்டு போவார்கள். நான் கிராமில் சொல்வேன். அவர்கள் வீட்டில் இருப்பது டம்ளர். யூடியூபில் கப் கணக்கு, ஆயா சொல்வது ஆழாக்குக் கணக்கு, மளிகைக் கடையில் கிலோ கணக்கு. ஒன்றை இன்னொன்றாக மாற்றத் தெரியாமல் நல்ல சாமான் வீணாவதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. அதனால் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

"ஒரு கப்னு போட்டிருக்காங்களே, எந்த கப்புக்கா? டீ குடிக்கிற கப்பா?"

இல்லை. சமையல் குறிப்பில் வரும் கப் என்பது ஒரு குறிப்பிட்ட அளவு. அமெரிக்கக் குறிப்புகளில் அது சுமார் 240 மில்லி, ஆஸ்திரேலியாவில் 250, ஜப்பானில் 200. நம்மூர் பாத்திரக் கடைகளில் கிடைக்கும் அளவுக் கப் செட் பெரும்பாலும் 240 அல்லது 250 மில்லி; கைப்பிடியிலேயே எழுதியிருக்கும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வீட்டுச் சமையலில் தெரியாது. இந்தப் பக்கம் முழுக்க கப் என்றால் 240 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு குறிப்பில் எல்லாப் பொருளும் கப் கணக்கிலேயே இருந்தால் கவலையே வேண்டாம். எந்த டம்ளரை எடுத்தாலும் சரி, அதே டம்ளரில் எல்லாவற்றையும் அளந்தால் விகிதம் மாறாது. "ஒரு கப் மைதா, 100 கிராம் வெண்ணெய், 2 முட்டை" என்று கலந்து கட்டி வரும்போதுதான் கப் எத்தனை மில்லி என்று தெரிந்தாக வேண்டும்.

"எங்க வீட்டு டம்ளர் எத்தனை மில்லின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

தண்ணீரை வைத்துத்தான். ஒரு மில்லி தண்ணீர் ஒரு கிராம் எடை இருக்கும். வீட்டில் தராசு இருந்தால் காலி டம்ளரை வைத்து பூஜ்யமாக்கிவிட்டு, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். எத்தனை கிராம் காட்டுகிறதோ அத்தனை மில்லி. தராசு இல்லையென்றால், கடையில் வாங்கிய ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து டம்ளர் டம்ளராக ஊற்றி எண்ணுங்கள். 5 டம்ளரில் பாட்டில் காலியானால் டம்ளர் 200 மில்லி. 6 என்றால் 167-ஐ ஒட்டி. 4 என்றால் 250.

ஒரு தடவை கண்டுபிடித்ததை மறந்துவிடாதீர்கள். பாத்திரக் கடையில் பெயர் வெட்டித் தருவார்கள் இல்லையா, அப்போதே பெயருக்குக் கீழே அந்த எண்ணையும் வெட்டச் சொல்லலாம். என் டம்ளர்களில் அப்படித்தான் இருக்கிறது.

"டீஸ்பூன், டேபிள்ஸ்பூன்னு ரெண்டு வருது. எங்க வீட்ல இருக்கிற ஸ்பூன் எல்லாம் ஒவ்வொண்ணும் ஒரு சைஸு."

டீஸ்பூன் 5 மில்லி, டேபிள்ஸ்பூன் 15 மில்லி. அதாவது மூன்று டீஸ்பூன் ஒரு டேபிள்ஸ்பூன். 16 டேபிள்ஸ்பூன் ஒரு கப். ஆஸ்திரேலியக் குறிப்புகளில் மட்டும் டேபிள்ஸ்பூன் 20 மில்லி. சோடா உப்பு மாதிரி சாமான்களுக்கு அது முக்கியம்.

அளவு ஸ்பூன் இல்லையென்றால் இருமல் மருந்து பாட்டிலோடு வரும் சின்ன பிளாஸ்டிக் கப்பைக் கழுவி எடுத்துக்கொள்ளுங்கள். 5 மில்லி, 10 மில்லி என்று கோடு போட்டிருக்கும். அதில் 5 மில்லி தண்ணீர் எடுத்து உங்கள் ஸ்பூன்களில் ஊற்றிப் பார்த்தால், எந்த ஸ்பூன் சரியான டீஸ்பூன் என்று தெரிந்துவிடும். அந்த ஒன்றை அஞ்சறைப்பெட்டியிலேயே போட்டு வையுங்கள்.

"200 கிராம் மைதான்னா, ஜாடியில 200 மில்லி கோடு வரைக்கும் போட்டா போதும்தானே?"

போதாது. அதிகம் பேர் தடுமாறுவது இங்கேதான். கிராம் என்பது கனம், மில்லி என்பது இடம். தண்ணீருக்கு மட்டும் இரண்டும் ஒன்றாக வரும், பாலுக்கும் தயிருக்கும் கிட்டத்தட்ட வரும். மற்றதெல்லாம் பொருளுக்குப் பொருள் மாறும். ஆயுத பூஜைக்கு வாங்கும் பொரியைப் பாருங்கள். ஒரு கப் பொரி 15 கிராமை ஒட்டித்தான் இருக்கும். அதே கப்பில் அரிசி 190 கிராம், தேன் 340 கிராம். 200 மில்லி கோடு வரை மைதா போட்டால் 100 கிராம் சுமாருக்குத்தான் இருக்கும். கேக் ஏன் தண்ணியாக நிற்கிறது என்று கேட்பவர்களில் பலருக்கு நடந்தது இதுதான்.

சில பிளாஸ்டிக் ஜாடிகளில் மாவு, சர்க்கரை என்று தனித்தனிக் கோடு போட்டு கிராம் எழுதியிருப்பார்கள். அந்தக் கோடு அந்தப் பொருளுக்கு மட்டும்தான். சர்க்கரைக் கோட்டில் ரவையை அளக்கக் கூடாது.

"அப்போ எது எவ்வளவுன்னு ஒரு கணக்கு சொல்லிடுங்க, குறிச்சு வச்சுக்கிறேன்."

ஒரு கப்புக்கு, தலைதட்டி அளந்தால், சுமாராக இவ்வளவு வரும். மைதா 120 முதல் 125 கிராம், கோதுமை மாவு 120 முதல் 130, கடலை மாவு 100-ஐ ஒட்டி, கடையில் வாங்கும் அரிசி மாவு 150 முதல் 160, ரவை 165 முதல் 170, சோள மாவு 120. சர்க்கரை 200, அதையே பொடித்தால் 120. அரிசி 185 முதல் 200; துவரை, உளுந்து, பாசிப் பருப்பு, கடலைப் பருப்பு எல்லாம் 200-ஐ ஒட்டி. வேர்க்கடலை 145 முதல் 150. தேங்காய்த் துருவல் 80 முதல் 90, அமுக்கினால் கூடும். எண்ணெயும் உருக்கிய நெய்யும் 215 முதல் 220, வெண்ணெய் 225, பால் 245.

வெல்லத்துக்கு மட்டும் என்னிடம் ஒரே எண் கிடையாது. தூளாக்கினால் ஒரு எடை, உடைத்துப் போட்டால் ஒரு எடை, பிசுபிசுப்பாக இருந்தால் இன்னொரு எடை. 150-லும் பார்த்திருக்கிறேன், 180-லும் பார்த்திருக்கிறேன். பாகு வைக்கிற பலகாரத்துக்கு வெல்லத்தை நிறுத்தே போடுங்கள்.

ஸ்பூன் கணக்கில், ஒரு டீஸ்பூன் தூள் உப்பு 6 கிராம், சர்க்கரை 4, மஞ்சள் தூள் 3, மிளகாய்த்தூள் இரண்டரை, தனியாத்தூள் 2, சோடா உப்பு நாலரையிலிருந்து 5, வெந்தயம் 4-ஐ ஒட்டி.

"அதே கப், அதே மைதா. நான் அளந்தா 120, என் தங்கச்சி அளந்தா 150. எப்படிக்கா?"

அளந்த விதம்தான் காரணம். மாவு டப்பாவுக்குள் கப்பை விட்டு அழுத்தி அள்ளினால் மாவு இறுகி 140, 150 என்று ஏறும். கோபுரமாக அள்ளினால் இன்னும் கூடும். மாவை ஸ்பூனால் கிளறிவிட்டு, கப்பில் ஸ்பூன் ஸ்பூனாகப் போட்டு, கத்தியின் முதுகால் தலையைத் தட்டினால் 120-இலிருந்து 125 வரும். கப்பைத் தரையில் தட்டாதீர்கள். தட்டத் தட்ட மாவு உள்ளே இறங்கிக்கொண்டே போகும்.

சலித்த மாவுக்கும் சலிக்காத மாவுக்கும் இதே வித்தியாசம் உண்டு. "ஒரு கப் சலித்த மைதா" என்றால் சலித்த பிறகு அளக்க வேண்டும். "ஒரு கப் மைதா, சலித்தது" என்றால் அளந்த பிறகு சலிக்க வேண்டும். அரிசி, பருப்பு, சர்க்கரைக்கு இந்தத் தொல்லை இல்லை. அமுக்கினாலும் பெரிதாக இறங்காது.

"ஆயா ஆழாக்குல சொல்றாங்க. ஒரு ஆழாக்கு எத்தனை கிராம்?"

முதலில் வாய்ப்பாடு: 2 ஆழாக்கு ஒரு உழக்கு, 2 உழக்கு ஒரு உரி, 2 உரி ஒரு படி. ஆக படிக்கு 8 ஆழாக்கு. நம் பக்கத்தில் அரைப்படி, கால்படி என்றே சொல்லிப் பழக்கம்; உரியும் உழக்கும் அவைதான்.

ஆனால் படி எல்லா ஊரிலும் ஒரே அளவாக இருந்ததில்லை. 1956-இல் எடை, அளவுகளுக்கான சட்டம் வந்து, படிப்படியாக கிலோவும் லிட்டரும் கட்டாயமானது. அதற்கு முன் செய்த படிகள் ஊருக்கு ஊர் வேறு. பட்டணத்துப் படி பெரிசு என்று பெரியவர்கள் சொல்வது சரிதான். அதனால் உங்கள் ஆயாவின் ஆழாக்கையே, இரண்டாவது பதிலில் சொன்னபடி, தண்ணீர் ஊற்றி அளந்துவிடுங்கள். ஒரு லிட்டர் பாட்டில் 6 தடவை நிரப்பினால் ஆழாக்கு 167-ஐ ஒட்டி. அதில் தலைதட்டி அரிசி அளந்தால் சுமார் 135 கிராம். 5 தடவை என்றால் 200 மில்லி. அரிசி 160 கிராம்.

ஆயா தலைதட்டி அளப்பாரா, கோபுரமாக அளப்பாரா என்பதையும் பக்கத்தில் நின்று பாருங்கள். கோபுரத்தில் அரிசி கணிசமாகக் கூடும். அவர் கைக்கு வந்த ருசி அந்தக் கோபுரத்தையும் சேர்த்துத்தான்.

"எங்கம்மா மில்க்மெய்ட் டின்னுல அரிசி அளப்பாங்க. இப்போ அந்த டின் இல்ல, என்ன பண்றது?"

இதைக் கேட்டவர்கள் ராயபுரத்திலும் உண்டு, கொருக்குப்பேட்டையிலும் உண்டு. 400 கிராம் டின்தான் பல வீடுகளில் அரிசிப் பானைக்குள் கிடந்தது. கண்டென்ஸ்டு மில்க் தண்ணீரைவிடக் கனமானது, ஒரு மில்லி 1.3 கிராம் வரும். 400-ஐ 1.3-ஆல் வகுத்தால் 308. ஆக டின் 300 மில்லிக்குச் சற்று மேல். அதில் அரிசி 250 கிராம், அதாவது கால் கிலோ. அம்மாவின் "ஒரு டின்" என்பதைக் கால் கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள், அல்லது ஒன்றேகால் கப்.

"எண்ணெய் பாக்கெட்ல 1 லிட்டர்னும் போட்டு 910 கிராம்னும் போட்டிருக்கே. 90 கிராம் எங்க போச்சு?"

எங்கேயும் போகவில்லை. எண்ணெய் தண்ணீரைவிட லேசானது. ஒரு லிட்டர் சுமார் 910 கிராம்தான் இருக்கும். அதனால்தான் தண்ணீரில் மிதக்கிறது. ரேஷன் கடை பாமாயிலும் இப்படித்தான். இன்னொரு விஷயம், எண்ணெய் சூட்டில் விரியும். சோயா எண்ணெய் 21 டிகிரியில் லிட்டருக்கு 919 கிராம் என்றால், 60 டிகிரியில் 893-ஐ ஒட்டித்தான் இருக்கும். 60 டிகிரி என்று எழுதிவிட்டு எடையைக் குறைத்து அடைத்த பாக்கெட்டுகள் இருந்தன. டிகிரி எழுதாமல் நிகர அளவைப் போட வேண்டும் என்று 2022-இல் மத்திய அரசு சொன்னது இதனால்தான். வாங்கும்போது லிட்டரை மட்டும் பார்க்காமல் கிராமையும் பாருங்கள். இப்போதெல்லாம் லிட்டர் பாக்கெட் மாதிரியே இருக்கும், ஆனால் எடை குறைவாக இருக்கும் பாக்கெட்டுகளும் கடையில் தொங்குகின்றன.

"ஒரு கிலோ அரிசிக்கு ரெண்டு லிட்டர் தண்ணிதானே? ஒண்ணுக்கு ரெண்டுனுதானே சொல்றாங்க?"

ஒன்றுக்கு இரண்டு என்பது டம்ளர் கணக்கு. ஒரு டம்ளர் அரிசிக்கு இரண்டு டம்ளர் தண்ணீர். அதைக் கிலோவுக்கு அப்படியே போட முடியாது. ஒரு கிலோ அரிசி சுமார் 1.2 லிட்டர் இடத்தை அடைக்கும், அதாவது 5 கப்புக்குக் கொஞ்சம் மேல். அதற்கு இரண்டு பங்கு என்றால் கிட்டத்தட்ட இரண்டரை லிட்டர். ஒரு கிலோவுக்கு 2 லிட்டர் ஊற்றினால் டம்ளர் கணக்கில் ஒன்றுக்கு ஒன்றரைக்கும் கொஞ்சம் மேலேதான் வரும். புழுங்கலரிசி விறைப்பாக நிற்கும்.

பிரியாணிக்கு இதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். ஊறவைத்த பாஸ்மதிக்கு டம்ளர் கணக்கில் ஒன்றுக்கு ஒன்றரை என்றால், ஒரு கிலோ அரிசிக்கு 1.8 லிட்டர். அந்த 1.8-இல் தயிர், தக்காளி, கறி விட்ட தண்ணீர் எல்லாம் அடக்கம். பெரிய தேக்சாவில் 5 கிலோ, 10 கிலோ போடும்போது ஆவியாகப் போவது விகிதத்தில் குறைவு, அதனால் தண்ணீரை அப்படியே பெருக்காமல் கொஞ்சம் பிடித்து ஊற்ற வேண்டும். நம் பக்கத்து பாய் கடைகளில் பலர் அரிசியைத் தனியாக வேகவைத்து, வடித்து, தம்மில் போடுகிறார்கள். அந்த முறையில் தண்ணீர்க் கணக்கே தேவையில்லை, பதம் பார்த்து வடித்தால் போதும்.

"ஒரு படி பிரியாணி ஆர்டர்" என்று சொன்னால் மட்டும், அரிசி எத்தனை கிலோ என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஏன் என்பது ஆழாக்குப் பதிலில் இருக்கிறது. படிக்கு 1.1 கிலோ என்பவரும் உண்டு, ஒன்றேகால் கிலோவுக்கு மேல் என்பவரும் உண்டு.

"ரைஸ் குக்கரோட ஒரு கப் குடுத்தாங்க. அதுலயே கேக்குக்கும் அளக்கலாமா?"

அது பெரும்பாலும் 180 மில்லி. ஜப்பானில் அரிசி அளக்கும் பழைய அளவு. குக்கர் உள்பாத்திரத்தில் இருக்கும் கோடுகள் அந்தக் கப்புக்கானவை, அதனால் சோற்றுக்கு அதையே பயன்படுத்துங்கள். கேக்குக்கு முக்கால் கப் என்று வரும் இடத்தில் சரியாகப் பொருந்தும், முக்கால் கப்பும் 180 மில்லிதான்.

"இட்லிக்கு நாலுக்கு ஒண்ணு. மொத்தமா மெஷின்ல அரைக்கக் குடுக்கணும், கிலோல எப்படி?"

இங்கே மாற்றவே வேண்டாம். இட்லி அரிசியும் உளுந்தும் கப்புக்குக் கிட்டத்தட்ட ஒரே எடை, அதனால் நாலுக்கு ஒன்று கிலோவிலும் நாலுக்கு ஒன்றுதான்: ஒரு கிலோ அரிசிக்கு கால் கிலோ உளுந்து. அவல் சேர்ப்பவர்கள் மட்டும் அவலைக் கப்பிலேயே அளக்கட்டும். அரிசியில் பாதி எடை கூட இருக்காது. ஊறிய பிறகு நிறுக்காதீர்கள். அரிசியைவிட உளுந்து அதிகத் தண்ணீரை இழுக்கும், விகிதம் கெட்டுப்போகும்.

"அதிரசத்துக்கு ஒரு கிலோ மாவுக்கு முக்கால் கிலோ வெல்லம்னு போட்டேன், இளகிப் போச்சு. எங்க தப்பு?"

வழக்கமான கணக்கு ஒரு கிலோ *அரிசிக்கு* முக்கால் கிலோ வெல்லம். அரிசி ஊறி வடித்த பின் 1.25 கிலோவுக்கு மேல் போகும். அரைத்த ஈர மாவும் அந்த எடைதான். ஈர மாவில் ஒரு கிலோ எடுத்தால், அதில் காய்ந்த அரிசி 800 கிராமுக்கும் குறைவு. அதற்கு முக்கால் கிலோ வெல்லம் அதிகம், 600 கிராம் போதும். கடை அரிசி மாவில் செய்கிறவர்களுக்கு இது பொருந்தாது. அது காய்ந்த மாவு, பதமே வேறு.

எந்தக் குறிப்பிலும் எடை காய்ந்ததற்கா, ஊறியதற்கா, உரித்ததற்கா, உரிக்காததற்கா என்று முதலில் பாருங்கள். காசிமேட்டில் ஒரு கிலோ எறா வாங்கி, தலையும் ஓடும் எடுத்தால் பாதிக்குச் சற்று மேல்தான் தேறும். தொக்குக்கு "அரை கிலோ எறா, சுத்தம் செய்தது" என்றிருந்தால் ஒரு கிலோ வாங்க வேண்டும்.

"ஊறுகாய்க்கு ஒரு கப் கல் உப்புனு இருக்கு. எங்கிட்ட தூள் உப்புதான். அதே ஒரு கப் போடலாமா?"

போட்டால் கரிக்கும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே காற்று இருக்கிறது, அதனால் ஒரே ஸ்பூனில் தூள் உப்பு 6 கிராம் என்றால் கல் உப்பு கல்லின் அளவைப் பொறுத்து 4, 5 கிராம்தான் ஏறும். எடைக்கு எடை மாற்றுவதுதான் சரி. தராசு இல்லையென்றால் கல் உப்பையே வாங்கி மிக்ஸியில் ஒரு சுற்று விட்டு, அரைப்பதற்கு *முன்* அளந்துகொள்ளுங்கள். மழை நாளில் உப்பு கசிந்து இறுகியிருந்தால் வெறும் வாணலியில் லேசாகச் சூடு காட்டிவிட்டு அளக்கவும்.

"மீன் குழம்பு மசாலாவுக்கு தனியா அரை கிலோ சொன்னீங்க. கடையில இருக்கிற தனியாத்தூள்ல எத்தனை ஸ்பூன்?"

வறுப்பதிலும் மிஷினில் ஒட்டுவதிலும் போகும் கொஞ்சத்தைத் தவிர, தனியாவை அரைத்தாலும் எடை அப்படியே இருக்கும். இடம்தான் மாறும். முழுத் தனியா உள்ளே கூடு, கப்புக்கு 80 கிராமை ஒட்டித்தான். அரை கிலோ என்றால் 6 கப்புக்கு மேல். தூளாக வாங்குவதானால் அரை கிலோ தூளாகவே வாங்குங்கள், ஸ்பூனால் எண்ண வேண்டாம்.

மிளகாய்க்கு இன்னொரு தொல்லை. குண்டு மிளகாய் கப்பில் ஒழுங்காக அடங்காது, நீட்டு மிளகாய் குறுக்கும் நெடுக்குமாக நிற்கும். காய்ந்த மிளகாயைக் கப்பில் சொல்லும் குறிப்பை நான் நம்புவதில்லை. எண்ணிப் போடச் சொன்னால் போடலாம், ஒரு காய் ஒரு கிராமுக்கு முன்னே பின்னே இருக்கும். புளிக்கு "எலுமிச்சை அளவு" என்பது 25 கிராமை ஒட்டி.

"தராசு இல்ல, வாங்கவும் இப்போ முடியாது. கிராம் கணக்கு வந்தா என்ன செய்யட்டும்?"

பாக்கெட்டே தராசு. அரை கிலோ ரவை பாக்கெட்டைப் பிரித்ததும் உங்கள் டம்ளரில் தலைதட்டி எத்தனை வருகிறது என்று எண்ணுங்கள். நாலு வந்தால் டம்ளருக்கு 125 கிராம். என் பட்டியலைவிட இது நம்பகமானது, ஏனென்றால் உங்கள் ரவை, உங்கள் டம்ளர், உங்கள் கை. 100 கிராம் வெண்ணெய்க் கட்டியைக் கத்தியால் நான்காக வெட்டினால் 25 கிராம். ஓடு நீக்கிய முட்டை ஒன்று 50 கிராமை ஒட்டி.

"தராசு வாங்கிட்டேன். இனிமே ஸ்பூனே வேணாம்தானே?"

வேண்டும். வீட்டு டிஜிட்டல் தராசு ஒரு கிராம் ஒரு கிராமாகத்தான் காட்டும். 2 கிராம் சோடா உப்பு, 3 கிராம் ஈஸ்ட் மாதிரி சின்ன அளவில் அது தடுமாறும். ஒன்று என்று காட்டும்போது அரைக் கிராம் இருக்கலாம், ஒன்றரையும் இருக்கலாம். 10 கிராமுக்குக் கீழே உள்ளதை அளவு ஸ்பூனில் எடுங்கள்: 2 கிராம் சோடா உப்பு அரை டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவு, 3 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஒரு டீஸ்பூன்.

தராசைச் சமமான இடத்தில் வையுங்கள், ஃபேனை நிறுத்திவிட்டு நிறுங்கள். சரியாகக் காட்டுகிறதா என்று சந்தேகம் வந்தால் 200 மில்லி என்று தெரிந்த டம்ளரில் தண்ணீர் வைத்துப் பாருங்கள். 200-லிருந்து இரண்டு மூன்று கிராம் தள்ளிக் காட்டினால் பரவாயில்லை. அதற்கு மேல் தள்ளினால் முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.